முப்பத்தொன்றாம் எண் பொலிகாளை

தக்வரெம்போ சீமைப் பக்கம் பொலிகாளை ஏலம் என்றால் வந்தவர்களுக்கெல்லாம் முதலில் இறைச்சி சுட்டுப் போடுவார்கள். சும்மா இல்லை. வயிறு நிறைந்து நாலு கோப்பை திராட்சை மது உள்ளே போனால் எந்தக் காளையும் ஒரு சாண் கூடுதல் உயரமாகத் தெரியும். போன வருடம் ஃபக்குந்தோ அப்படித்தான் ஏமாந்தான். அதனால் இந்த முறை வேலியோரம் நின்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். புகை மூக்கில் ஏற ஏற, காளைகளை விற்கும் பண்ணைக்காரன் பசீலியோ மேல் அவனுக்கு வெறுப்பு கூடியது.

போன வருடக் காளையை ஊரே மெச்சியது. ஆனால் அதன் கன்றுகள் தலை பெருத்து, முதல் ஈற்றுக் கிடேரிகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. ஃபக்குந்தோவின் கை தடித்தது, உள்ளே போகாது. அவன் மனைவி ஒத்தீலியாதான் தோள்வரை கையை விட்டு, கன்றின் காலில் கயிற்றைக் கட்டி இழுத்தாள். பதினொரு கன்றுகள். நாலு கிடேரிகள் செத்தன. அதற்குப் பிறகு அவள் வலது கை சீப்பைக்கூடத் தலைக்குக் கொண்டுபோகவில்லை. இந்த வருடம் இருபது கிடேரிகள் பருவத்துக்கு வந்து நிற்கின்றன. இனி கையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒத்தீலியாவோடு பட்டி பட்டியாகப் பார்த்துக்கொண்டே பதினான்காம் எண் காளையின் முன்னால் வந்ததும் ஃபக்குந்தோவின் கால் நின்றுவிட்டது. எண்ணெய் தேய்த்த கறுப்பு உடம்பு. முதுகில் பாய் விரித்துப் படுக்கலாம்.

"சும்மா பாக்கறேன்," என்றான்.

"போன வருஷமும் சும்மாதான் பாத்தே, கிழவா."

"அன்னிக்குக் குடிச்சிருந்தேன். இன்னிக்கு முட்டைதான் தின்னிருக்கேன்."

ஒத்தீலியா பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து அவன் தோளில் போட்டாள். எத்தனை முறை கழுவியும் முடிச்சுகளில் ரத்தக் கறுப்பு போகவில்லை.

பசீலியோ காகிதத்தோடு ஓடி வந்தான். "பொறந்த எடை, தாயோட எடை, எல்லாம் இதுல இருக்கு பெரியவரே."

"எழுதினது நீதானே. காகிதத்துல எங்கப்பனக்கூட உயரமா எழுதலாம்."

"இது பொறந்தப்போ யாருப்பா இழுத்தது?" என்று ஒத்தீலியா கேட்டாள்.

பசீலியோ கயிற்றைப் பார்த்தான். பொய் வாய்வரை வந்து திரும்பிப் போனது. "ரெண்டு பேரு," என்றான். "அப்புறம் டிராக்டர்."

"இழுக்காம வந்தது எது?"

அவன் கடைசிப் பட்டியைக் காட்டினான். முப்பத்தொன்றாம் எண். ஒடுங்கிய தலை, சரிந்த தோள், யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி முகம். "காலைல போய்ப் பாத்தா, எழுந்து நின்னு பால் குடிச்சிட்டிருந்ததும்மா."

"இத ஓட்டிட்டுப் போனா, கழுதை எங்க வாங்கினேன்னு கேப்பானுங்க," என்றான் ஃபக்குந்தோ.

"கேக்கறவன் கையில கயித்தக் குடு. வந்து இழுக்கட்டும்."

ஏலத்தில் பதினான்கு வந்தபோது அவன் கை தானாக மேலே எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒத்தீலியாவின் முடியைக் கலைத்தது. அவள் வலது கையைத் தூக்கினாள், அது மார்போடு நின்றது. இடது கையால் ஒதுக்கிக்கொண்டாள். ஃபக்குந்தோவின் கை தொப்பியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

முப்பத்தொன்றுக்கு அவனைத் தவிர ஒருவரும் கை தூக்கவில்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

மறுநாள் காளையை அவிழ்த்துவிட்டுத் திரும்பினால், ஒத்தீலியா அந்தக் கயிற்றை இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பவேவா? அவன் இன்னும் ஒண்ணையும் மோந்துகூடப் பாக்கல."

"அது அவன் வேலை. என் வேலை முடிஞ்சுது."

இருபது கிடேரிகளும் மேய்ச்சலின் அந்தக் கோடியில் வரிசையாக நின்று பார்த்தன. காளை அவற்றுக்கு முதுகைக் காட்டியபடி நேராகக் கயிற்றடிக்கு வந்தது. ஃபக்குந்தோவின் ஈர உள்ளாடையை நிதானமாக மோந்தது. பிறகு, பருவத்துக்கு வந்த கிடேரியை மோந்த மாதிரியே கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி, வானத்தைப் பார்த்து நின்றது.