திங்கட்கிழமைக்கு முன் ஒரு முகம்

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதன்பிறகு நான் கேமராவைத் தொடவில்லை. ஸ்டுடியோவை நானும் அவளுடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிறோம். மச்சான் படம் எடுப்பார். நான் உள்ளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகங்களை மெழுகுவேன். பரு, சுருக்கம், கருவளையம் எல்லாம் போய்விடும். இந்த மாதம் எல்லோருக்கும் படத்தில் தலைக்கு மேல் பூ உதிர வேண்டும். போன மாதம் புகை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். கூடவே அவருடைய தங்கை.

"திங்கட்கிழமை தாடையில ஆபரேஷன்," என்றார் டிரைவரம்மா. "இந்தப் பக்கம் எலும்பைக் கொஞ்சம் எடுத்துடுவாங்க. வாய் கோணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி என் முகத்தை ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் குடுங்க. பின்னாடி கண்ணாடியைப் பாத்து, நான் எப்படித்தான் இருந்தேன்னு சந்தேகம் வந்தா, கேக்கறதுக்கு ஒரு சாட்சி வேணும்ல?"

"பூ போட்டு எடுங்க," என்றாள் தங்கை. "சுவத்துல இருக்கே, அந்தப் பொண்ணு மாதிரி."

"அந்தப் பொண்ணு மாதிரி வேணும்னா அந்தப் பொண்ணையே கூட்டிட்டு வாடி."

மச்சான் எடுத்தார். பூ உதிர்ந்தது. படம் என் திரைக்கு வந்தது. டிரைவரம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இது?"

மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் படம் ஏறும்போதே தோலை வழவழப்பாக்கிவிடும். இடம் அடைக்கும் என்று அசலை வைத்துக்கொள்ளாது. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். வீட்டுப் படங்களையும் இதே வழியாகத்தான் ஏற்றினேன். என் மனைவியின் இடது கன்னத்தில் ஒரு அம்மைத் தழும்பு இருந்தது. எங்களிடம் இருக்கும் எந்தப் படத்திலும் அது இல்லை.

அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். எழுந்து மச்சானிடம் கை நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு கேமராவைக் கொடுத்தார்.

"மாப்ள, பூ இல்லாம எடுத்தா யாரு பாப்பாங்க?"

"இவங்க பாப்பாங்க."

பின்னணிக் காகிதத்தைச் சுருட்டினேன். விளக்குகளை அணைத்தேன். ஜன்னலோரம் வெறும் சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டேன். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினேன்.

லைசென்ஸுக்குப் படம் எடுப்பதுபோல விறைப்பாக உட்கார்ந்தார் டிரைவரம்மா.

"சிரி அக்கா," என்றாள் தங்கை.

"எதைப் பாத்து? உன் மூஞ்சியையா?"

"என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" சொல்லி முடிப்பதற்குள் தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. மச்சான் அவளுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

டிரைவரம்மாவிடம் கேட்டேன்: "பிள்ளைங்க பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்ன பண்ணுவீங்க?"

"கடைசிப் பிள்ளை ரோட்டைத் தாண்டுற வரைக்கும் பாத்துட்டே இருப்பேன். அதுக்கப்புறம்தான் கியர் போடுவேன்."

"இப்ப ஒண்ணு தாண்டுது. பாருங்க."

பார்த்தார். தாடை இறுகியது, புருவம் இறங்கியது, கண் மட்டும் கனிந்தது. மூன்று முறை அழுத்தினேன். போதும் என்று தெரிந்தது.

திரையில் வந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நெற்றிக் கோடு. மேலுதட்டு மச்சம். தாடையில் இப்போதே இருக்கும் லேசான வீக்கம்.

"நான்தான்," என்றார்.

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுக்கு லேட்டா போனா கதவைத் தொறந்துட்டு இப்படித்தான் நிப்பா. இப்பத் திட்டப் போறா பாருங்க."

"தம்பி, மூணு மாசம் கழிச்சு வருவேன்," என்றார் டிரைவரம்மா. "அந்த முகத்தையும் இதே இடத்துல வச்சு எடுக்கணும். கோணினா கோணட்டும். பிள்ளைங்க தினம் அதைத்தானே பாக்கப் போகுதுங்க?"

"பத்து மணிக்கு வாங்க. அப்பத்தான் நாற்காலி வரைக்கும் வெளிச்சம் வரும்."

மச்சான் முன்பதிவு நோட்டை எடுத்து மூன்று மாதம் தள்ளிப் புரட்டினார். எடுப்பவர் என்ற இடத்தில் வழக்கம்போலத் தன் பெயரை எழுதப் போனார்.

பேனாவை வாங்கி, என் பெயரை எழுதினேன்.