ஆணி அடித்த பாறை

கடலோரத்து எரிமலைப் பாறை ஒன்று, மேலே இருந்த வீட்டோடும் கொடியில் காய்ந்த துணியோடும், நாளுக்கு நான்கு முழம் வீதம் கடலுக்குள் நடக்கத் தொடங்கியது. அதை முதலில் கவனித்தவள் சர்வேயரம்மா. வீடு அவளுடைய அக்காவுடையது. அறுபட்டைத் தூண்களைக் கட்டுக்கட்டாக நிறுத்தியது போன்ற அந்தக் கரும்பாறைதான் ஊரிலேயே அசையாதது என்று பெயர் வாங்கியிருந்தது. அதை நம்பி அந்தக் காலத்துச் சர்வேயர்கள் மூல ஆணியை அதன் உச்சியில் அடித்து, ஊரின் ஒவ்வொரு சுவரையும் அங்கிருந்தே அளந்துவிட்டார்கள். ஆணி அசையாது என்பது அளவைப் புத்தகத்தின் முதல் விதி.

சர்வேயரம்மா படகில் போய்ப் பாறையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு இருந்தது. ஆழம் கூடக்கூடத் தூண்களும் கீழே நீண்டுகொண்டே போயின. அது போகும் திசையில் வரைபடத்தில் கோடு இழுத்தால், நேராகக் கடல் நடுவே புகையும் மலையில் போய் முட்டியது.

"இதுல என்னடி அதிசயம்? அந்த மலை கக்கின கல்லுதானே. தாய்வீட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்றாள் அக்கா.

"அப்ப நீ?"

"ஆறு மாசத்துக்குச் சாமான் வாங்கிப் போட்டுட்டேன்."

கரையை விட்டு விலகிய வீட்டை இடித்து ஆளை இறக்க வேண்டும் என்பது சட்டம். முப்பது வருடம் தையல் மெஷினை மிதித்து அக்கா கட்டிய வீடு அது. பாறை நகர்ந்தது என்று எழுதினால் வீடு போய்விடும். எழுதாவிட்டால் அக்காவே போய்விடுவாள். சர்வேயரம்மா மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு வாரம் தவித்தாள். பிறகு விதிப்படி ஆணியிலிருந்து ஊரை அளந்தாள். ஊர்தான் நாளுக்கு நான்கு முழம் பின்வாங்குவதாகக் கணக்கு சொன்னது. அழுதுகொண்டே அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலதிகாரி நம்பவில்லை. தன் சொந்தக் கருவியை ஆணிமேல் நிறுத்தி மூன்று நாள் அளந்தார். மூன்று நாளும் ஊர் நான்கு முழம் தள்ளியே போனது. பதினைந்து நாளுக்குள் ஊர் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பஸ் நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். ஜனங்கள் படித்துவிட்டு பஸ் ஏறினார்கள். கசாப்புக்கடைக்காரர் மட்டும் கடையை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று விசாரித்தார்; மனு கொடுக்கச் சொன்னார்கள்.

பதினோராம் வருடம் பாறை மலையோடு சேர்ந்தது. மாதம் தவறாமல் படகில் வரும் சர்வேயரம்மாவால் அன்று நகத்தால் துழாவியும் இணைப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மலையின் உறுமல் அடங்கிப்போயிருந்தது. அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஊரு இப்ப எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"ஏழு கிலோமீட்டர்க்கா."

"அவ்வளவு தூரம் போயிட்டீங்களா!" என்று அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். "நான் இங்கேயேதான்டி இருக்கேன்."

சர்வேயரம்மா அதையும் குறித்துக்கொண்டாள்.