நடுப்பட்டை ஈரம்

...பையைத் திறந்து வைத்தாளாம், மழை நாளில் பையை வாய் பிளக்கப் போட்டுவிட்டாளாம், அந்த லம்பாங் ஊர் டீச்சர்மேல் பழி போட அவனுக்கு எப்படி நாக்கு வந்தது, நாயைப் பறிகொடுத்துவிட்டுப் போனில் விம்மியவள், பூஞ்சை பூத்த தீனியைப் பையோடு கட்டி அனுப்பியவள், அவள் பொய் சொல்கிறாள், ஆலை உண்மை சொல்கிறது, அப்படித்தானே? சுனிசா ஆய்வறைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினாள். காலைக் கூட்டத்தில் வொராவுத் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னது காதில் இன்னும் கொதித்தது. "தங்கச்சி, உன் பதிவேட்டையே பாரேன், அந்த லாட்டு சரக்குக்கு ஈரம் ஒம்பது புள்ளி ஆறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே? பத்துக்குக் கீழ இருந்தா சரக்கு போகலாம், போச்சு. அப்புறம் என்ன?" தங்கச்சி! ஏழு வருஷமாக நாய்த் தீனியில் ஈரம் பார்க்கிறவள் அவனுக்குத் தங்கச்சி, உற்பத்தி மேலாளர் அண்ணன், நல்ல உறவு. மழை தொடங்கியதிலிருந்து உலர்த்தியின் மூன்றாவது விசிறி சோர்ந்து சுற்றுகிறது என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாளே, அதைச் சொன்னபோதும் சிரித்தான். "எழுதினே, எண்ணு நல்லா வருதே, பின்ன எதுக்கு விசிறிய மாத்தணும்?" உலர்த்தியில் தீனி ஓடும் பட்டையை வேகமாக ஓட்டினால் ஒரு நாளைக்கு நாலு டன் கூட, உள்ளே தங்கும் தண்ணீரும் தீனி விலைக்குப் போகும், தண்ணீரை விற்கிற புத்திசாலி... அந்தத் தண்ணீரில்தானே பூஞ்சை முளைக்கிறது, பூஞ்சை கக்குகிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் போகாது, நாயின் ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். "வாசனை ஒரு மாதிரி இருந்துச்சும்மா," என்றாள் டீச்சர், "ஆனா பைமேல தேதி இருக்கே, இன்னும் எட்டு மாசம் இருக்கேன்னு நம்பித்தாம்மா போட்டேன், என் நாய் கனூன் ரெண்டு நாளா தண்ணி மட்டும் குடிச்சான், அப்புறம் அதுவும் இல்ல." அதற்கு இவள் என்ன சொன்னாள்? விசாரிக்கிறோம் என்றாள். ஆலை சொல்லிக் கொடுத்த சொல்.

அலமாரியில் அந்த லாட்டின் காப்பு மாதிரி இருந்தது, ஒவ்வொரு லாட்டிலும் ஈரம் பார்க்க அள்ளியதில் ஒரு கைப்பிடியை டப்பாவில் மூடி வைப்பது வழக்கம், அவள் எடுத்து, மூடி, சீட்டு ஒட்டியது. பொய்யை இதுவே உடைக்கும் என்று நினைத்தபடி அரைத்தாள், ஐந்து கிராம் ஈரமானியில் கொட்டி மூடினாள். விளக்குச் சூட்டில் மாவு எடையிழக்க இழக்க எண்கள் ஏறின, நாலு, ஆறு, ஏழு... ஏறு, ஏறு சனியனே, பன்னிரண்டுக்குப் போ, அவன் மூஞ்சியில் வீச எனக்கு ஒரு எண் வேண்டும்... எட்டு, ஒன்பது, ஒன்பது புள்ளி ஆறு. நின்றுவிட்டது. இன்னொரு ஐந்து கிராம், அதே ஒன்பது புள்ளி ஆறு. அப்படியானால் அவன் சொன்னது சரியா? டீச்சர்தான் பையைத் திறந்து வைத்தாளா? இல்லை, தையல் பிரிக்காத இன்னொரு பையையும் அல்லவா அவள் அனுப்பியிருந்தாள், அதையும் காலையில் இவள்தானே பிரித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு... ஒரே லாட், ஒரே நாள், பை அழுகியது, டப்பா மொறுமொறுக்கிறது, எப்படி? எப்படி?

தொப்பியைக்கூடச் சரியாக மாட்டாமல் உலர்த்திக்கு நடந்தாள், மீன்தூளும் கோழிக்கொழுப்பும் கலந்த சூடான நாற்றம் முகத்தில் அறைந்தது, வழக்கம்போல் உலர்த்தியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து மாதிரி அள்ளும் கரண்டியை நீட்டினாள். உலர்த்தி ஓட்டும் சாயன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அக்கா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன், நீங்க எப்பவும் ஓரத்துலயே அள்றீங்களே, நடுவுல எடுக்க மாட்டீங்களா? அங்கதானே குவியலா வருது." நீட்டிய கை அப்படியே நின்றது. பட்டையின் ஓரத்தில் தீனி ஒற்றை அடுக்காக, விரல் கனம்கூட இல்லாமல் ஓடியது, காற்று தாராளமாகப் புகுந்து வரும் இடம், நடுவிலோ ஒரு சாண் உயரக் குவியல். "ஏன்டா இத்தன நாளா சொல்லல?" என்று கத்தினாள். "நீங்க படிச்சவங்க, எனக்கென்னக்கா தெரியும்," என்றான் சாயன். இரும்புப்படி இரண்டு ஏறி, அனலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடுவிலிருந்து அள்ளினாள். ஒரு உருண்டையை விரலால் ஒடித்தாள், ஒடியவில்லை, வளைந்தது.

ஈரமானியில் பன்னிரண்டு புள்ளி நாலு. இவ்வளவு நேரம் கேட்ட எண், கையில் வந்ததும் தீயாகச் சுட்டது. சரக்கை நிறுத்திவைக்கும் சிவப்பு அட்டைகளை வாரிக்கொண்டு ஓடினாள், அடுக்கி வைத்திருந்த பைகள்மேல் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள், பை தைக்கும் பெண்களிடம், "நிறுத்துங்கடி, ஒரு பையும் வெளிய போகக் கூடாது!" என்றாள், தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, லாரி ஓட்டுநர் சிகரெட்டைக் கீழே போட்டார். வொராவுத் வேர்க்க விறுவிறுக்க வந்தான். "என்ன தங்கச்சி இது கூத்து? சரக்க நிறுத்தச் சொன்னது யாரு?"

"ஓரத்துல எடுக்கச் சொன்னது யாருண்ணே? அதச் சொல்லுங்க முதல்ல! உங்க எண்ணு நல்லா வரணும், அதுக்கு என் கை ஓரத்துக்குப் போகணும், அப்படித்தானே!"

அவன் குரல் இறங்கியது. கோபம்கூட இல்லை, குழப்பம்தான். "நானா? நான் எங்க எடுக்கணும்னு எப்பம்மா சொன்னேன்? நீ எங்க எடுக்கறேன்னே எனக்குத் தெரியாதே."

பொய், பச்சைப் பொய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். எந்த நாள் சொன்னான்? முதல் வருஷமா, ஆட்கள் குறைந்திருந்த சமயமா, பட்டையின் வேகத்தைக் கூட்டிய அன்றா, அவன் குரலைத் தேடினாள், ஏதாவது ஒரு வார்த்தை, ஒரு கண்சாடை... கிடைக்கவில்லை. அனல் முகத்தில் அடிக்காது, படி ஏற வேண்டாம், கையை நீட்டினால் போதும், ஓரம் கிட்டத்தில் இருந்தது. அவ்வளவுதான். ஏழு வருஷம், யாரும் சொல்லாமலே.