எர்த் பிடிக்காத இடம்

தனஞ்சயன் என் கடை வாசலில் காரை நிறுத்தியபோது, கையிலிருந்த வயர் வெட்டும் குறட்டை அதன் கண்ணாடியில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. உட்துறைமுக வீதியில் வாகனங்களுக்குப் பாட்டு செற் பூட்டிப் பிழைக்கிறவள் நான்.

"லோஜினி அக்கா, அம்ப் அடிக்கடி நிண்டு போகுது. சத்தத்தைக் கூட்டின உடனே சிவப்பு லைற் எரியுது, எல்லாம் ஓஃப். எத்தினையோ பேரிட்டக் காட்டியாச்சு. பின்னேரம் உப்புவெளியில கார்ப் பாட்டுப் போட்டி."

அக்காவாம். போன வருடம் ஆனி மாதம், கலியாண வீடொன்றிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் தம்பி இராகுலனை நிலாவெளி வீதியில் முந்திப் போகையில் இடித்துத் தள்ளியவன் இவன். "என்ர கார் முட்டவேயில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவன் வெறியில விழுந்தவன்" என்று வாய் கூசாமல் பொலிசில் சொன்னான். கலியாண வீடு என்றதும் ஊரும் நம்பியது. தம்பியின் கால் எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அவன் பள்ளிக்கூட வான் ஓடியவன். குடிகாரன் என்று பெயர் எடுத்தவனின் வானில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? வான் முற்றத்தில் கிடக்கிறது. அவன் என் கடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி அடிக்கிறான்.

பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். சத்தத்தைப் பெருக்கும் அம்ப் சுடவில்லை. ஸ்பீக்கர் வயர் எங்கும் உரசவில்லை. பற்றரியும் நல்லது. மிஞ்சியது எர்த். அம்ப்புக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போக காரின் இரும்புதான் வழி. பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த் வயரைப் பூட்டாவிட்டால், சத்தத்தைக் கூட்டும்போது அம்ப் தானாகவே நின்றுவிடும். இந்த வயர் இடது பின் சக்கரத்துக்கு மேலே பூட்டியிருந்தது. கத்தியால் சுரண்டினேன். இரும்பு வரவில்லை. வெள்ளை நார் வந்தது. பைபர். ஆணியின் நுனி மட்டும் அடியில் எங்கோ இரும்பைத் தொட்டிருக்க வேண்டும், அதனால்தான் மெல்லிய சத்தத்திலாவது பாடியது.

உப்புக் காற்று தின்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் பைபர் வைத்து ஒட்டுவது இங்கே கராஜ்களில் வழக்கம்தான். ஆனால் இந்தக் கார் துருப்பிடிக்கிற வயதுக்கு இன்னும் வரவில்லை.

"எப்ப தொட்டு இந்த வருத்தம்?"

"பெயின்ற் அடிச்ச பிறகுதான் அக்கா. கராஜ்காரர் செற்றைக் கழட்டித் திருப்பிப் பூட்டினவங்கள்."

"எப்ப அடிச்சனீங்கள்?"

"போன வருசம் ஆடியில..." என்றவன் டக்கென்று வாயை மூடிக்கொண்டான்.

தம்பி விழுந்தது ஆனியில், இவன் பெயின்ற் அடித்தது ஆடியில். மறைப்பானேன், எனக்கு இனித்தது.

"எர்த்துத்தான் பிழை. பெயின்றைச் சுரண்ட வேணும்."

"சுரண்டுங்கோ அக்கா. பாட்டு நிக்காட்டில் காணும்."

முதலில் அவன் கேட்டதைச் செய்தேன். சீற் ஆணிக்குக் கீழே வெறும் இரும்பைத் தேடி எர்த்தை இறுக்கினேன். அவன் முன்னால் ஏறி முழுச் சத்தத்தில் போட்டான். கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன, அம்ப் நிற்கவில்லை. வீதியில் போனவர்கள் எல்லாம் கூடினார்கள். மீன் பையோடு பஸ்மியாவும் வந்து நின்றார். தம்பியின் வானிலிருந்து முதலில் தன் பிள்ளைகளை நிறுத்தியவர் அவர்தான்.

நான் கிரைண்டரை எடுத்துக் காரின் வெளிப்பக்கத்தில், அதே இடது பின் சக்கரத்துக்கு மேலே வைத்தேன். பெயின்ற் தூளாய்ப் பறந்தது, கீழே பைபர் வெள்ளையாய்த் தெரிந்தது. தனஞ்சயன் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கிரைண்டர் கேட்கவில்லை. அன்றைக்குத் தம்பி அடித்த சைக்கிள் மணியும் இப்படித்தான் கேட்டிருக்காது.

சனம் பின்பக்கத்தையே பார்ப்பதைக் கண்டு இறங்கி வந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன செய்யிறீங்கள்!" என்று கத்தினான்.

"நீங்கள்தானே சுரண்டச் சொன்னனீங்கள்."

சத்தம் கேட்டு வந்த தம்பி, அந்த வெள்ளைப் பைபரைக் கொஞ்சநேரம் பார்த்தான். உள்ளே போய் அன்று நெளிந்த தன் சைக்கிளை உருட்டி வந்தான். பழைய இரும்புக்குக் கொடு என்று நான் எத்தனை தரம் சொல்லியும் கொடுக்காத சைக்கிள். அதைக் காரோடு சேர்த்து நிறுத்தினான். வளைந்த ஹாண்டிலின் நுனி பைபரின் நடுவில் வந்து நின்றது.

நான் காருக்குள் கையை விட்டுப் பாட்டை நிறுத்தினேன்.

"அண்டைக்கு நான் குடிக்கேல்லை" என்றான் தம்பி.

நாலைந்து பேர் போனில் படம் எடுத்தார்கள். தனஞ்சயன் கதவைத் திறக்கத் தடுமாறினான்.

"போட்டிக்குப் போங்கோ. இனி அம்ப் நிக்காது" என்றேன். அந்த வெள்ளைப் பைபர் தெரியத்தான் ஊர் முழுக்க அவன் காரை ஓட்டிப்போக வேண்டியிருந்தது.

பஸ்மியா மீன் பையைக் கைமாற்றினார்.

"தம்பி, நாளைக்கி என்ட புள்ளையள ஏத்த வருவீங்களா?"

"வானில இடமில்லை" என்றேன் நான். ஒரு வருடம் முழுவதும் அவர் எங்களைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போனவர்.

தம்பி என்னை முறைத்தான். "காலமை வாறன் அக்கா" என்று அவரிடம் சொன்னான்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் வானின் பற்றரியைக் கழற்றி வந்து சார்ஜில் போட்டேன்.