நூற்றெட்டும் எட்டும்

"மிஸ்ஸி, உங்கட விரல் ஏன் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கு?"

கேட்டவள் இலட்சுமி. வயது ஐந்து. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற எட்டாம் வாய்க்காலில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தவராசாவின் மூத்த மகள். அவளுடைய தாய் விமலேஸ்வரிக்கு அப்போது ஐந்து மாதம். வயிற்றைப் பார்க்க வந்திருந்த அரசாங்க மருத்துவிச்சி பத்மாசனியிடம்தான் அந்தக் கேள்வி. அந்தப் பகுதியில் எல்லாருக்கும் அவா 'மிஸ்ஸி'தான்.

பத்மாசனி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கணுக் கணுவாய் வீங்கி, நுனிகள் ஒரு பக்கம் சரிந்து, பிள்ளை சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

"உந்த இஞ்சிக் கையாலை தம்பியைத் தூக்கினால் அவனுக்கு உறைக்காதோ?" என்றாள் இலட்சுமி.

"வாயைப் பொத்தடி!" என்று விமலேஸ்வரி கரண்டியை ஓங்கினாள். பத்மாசனி விழுந்து விழுந்து சிரித்தாள். "உறைக்காமல் கழுவிப் போட்டுத் தூக்கிறன் பிள்ளை" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினாள்.

ஆனால் வாய்க்கால் கட்டில் தனியே போகும்போது சிரிப்பு வரவில்லை. போன கிழமை இன்னொரு வீட்டில், பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பெருவிரல் சொன்னபடி கேட்காமல் விட்டுவிட்டது. சவர்க்காரம் வழுக்கியது. முழங்கையை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததால் தப்பியது. தாய் களைத்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. பத்மாசனிக்குத் தெரியும். அந்த ஒரு கணம் அவளுடைய நித்திரையைப் பிடுங்கிக்கொண்டுபோய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினாள். உடல்நலக் குறைவு காரணமாக வேலையிலிருந்து விலக விரும்புவதாக எழுதி, திகதி போடாமல் அலுமாரிக்குள் வைத்தாள். தை பிறக்க முன் கை ஒரு வழிக்கு வராவிட்டால் திகதியைப் போட்டு அனுப்பிவிடுவது. பிள்ளையை நழுவவிடும் கைக்கு அந்த வேலை கூடாது. ஆனால் அவள் போனால் இன்னொருத்தி எப்போது வருவாள்? முந்தின மருத்துவிச்சி மாற்றலாகிப் போனபோது இரண்டு வருசம் இடம் காலியாய்க் கிடந்தது. விமலேஸ்வரிக்கோ மார்கழிக் கடைசியில் நாள்.

மருந்துச் சாலையில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா கையைப் பிடித்துப் பார்த்தார். "மூட்டுவாதம். முழுக்க மாறும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் சும்மா வைச்சிருந்தால் இன்னும் இறுகும். கைக்கு அளவாய் வேலை குடுங்கோ. பந்து ஒண்டு வாங்கி அமத்துங்கோ."

பத்மாசனிக்கு 'அளவாய்' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் கேட்டது.

அவள் நோன்பும் நேர்த்தியும் பார்த்து வளர்ந்தவள். வெயிலில் கோயில் வீதியைச் சுற்றி உருளுகிறவர்களையும், காவடி எடுத்து ஆடுகிறவர்களையும் கண்டவள். நோகாமல் செய்கிற காரியத்துக்கு என்ன பலன் என்று அவளுடைய மனதில் எங்கோ ஓர் எண்ணம். ஆகவே றப்பர்ப் பந்து வாங்கிய அன்றே பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். விடியவில் நூற்றெட்டுத் தரம், பின்னேரம் நூற்றெட்டுத் தரம். பந்தை அமத்த அமத்தக் கண்ணால் தண்ணீர் வந்தது. பிள்ளையார் பார்க்கிறார் என்று பல்லைக் கடித்தாள். மூன்றாம் நாள் வீக்கம் கூடியபோது, உள்ளே கிடந்த வாதம் வெளியே வருகிறது என்று சந்தோசப்பட்டு மத்தியானமும் ஒரு நூற்றெட்டுச் சேர்த்தாள்.

ஆறாம் நாள் கண்டி வீதிக்கு ஏதோ அலுவலாய்ச் சைக்கிளில் போனாள். வாய்க்கால் கட்டிலிருந்து வீதிக்கு இறங்கும் சரிவில் பிறேக்கைப் பிடிக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. சைக்கிள் தன் பாட்டில் இறங்கியது. வீதிக்கரையில் மீராசாகிபு கடை. கடைக்கு முன்னால் தேங்காய்க் குவியல். அதற்குள்ளே போய்த்தான் நின்றது.

உள்ளேயிருந்து மீராசாகிபுவின் மனைவி ஆசியா உம்மா வெளியே வந்தா. கையில் சட்டி கிண்டுகிற ஒரு நீளமான மரத் துடுப்பு.

"தேங்காய் வேணுமெண்டால் இறங்கி வந்து கேக்கலாமே மிஸ்ஸி" என்றா.

பத்மாசனிக்கு அடி ஒன்றும் பெரிதாய் இல்லை. வெட்கந்தான் பெரிது. ஆசியா உம்மா தூக்கிவிடக் கையை நீட்டினா. பத்மாசனி அந்தக் கையைப் பார்த்தாள். ஆசியா உம்மா பத்மாசனியின் கையைப் பார்த்தா. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. உம்மாவின் கணுக்கள்தான் இன்னும் பருத்தவை.

"அடி ஆத்தே! உங்களுக்குமோ?" என்றாள் பத்மாசனி.

"எனக்குப் பன்னிரண்டு வருசமாய்."

"இந்தக் கையோடை எப்பிடித் தொதல் கிண்டுறியள்?"

அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, கை ஓயாமல் மணிக்கணக்காய்க் கிண்டினால்தான் தொதல் என்ற அந்த இனிப்பு பதமாய் இறங்கும். ஆசியா உம்மாவின் தொதலுக்கு முல்லைத்தீவில் இருந்தும் ஆள் வரும். உம்மா துடுப்பைத் திருப்பிக் காட்டினா. பிடியில் பழைய சாரத் துணியைச் சுற்றிச் சுற்றி, வாழைத் தண்டின் மொத்தத்துக்குக் கட்டியிருந்தது.

"மெல்லிய பிடியை விரல் இறுக்கிப் பிடிக்கோணும். மொத்தப் பிடியை உள்ளங்கை பிடிச்சுக்கொள்ளும். கிண்டுறது கையில்லை மிஸ்ஸி, தோளும் இடுப்பும். அது கிடக்க, உங்கட கை ஏன் இப்பிடிச் சுடுது? என்ன செய்தனீங்கள்?"

பத்மாசனி பந்துக் கதையைச் சொன்னாள். முன்னூற்று இருபத்து நாலு என்றதும் ஆசியா உம்மா துடுப்பைக் கீழே வைத்துவிட்டா.

"உங்கட பிள்ளையாருக்கு நூற்றெட்டுக் குடுங்கோ. வேண்டாமெண்டு ஆர் சொன்னது? விரலுக்கு எட்டுக் காணும்."

"எட்டுத் தரத்தாலை என்ன வரப்போகுது?"

"நூற்றெட்டாலை என்ன வந்தது? தேங்காய்க் குவியல்தானே வந்தது."

மீராசாகிபு கடைக்குள்ளிருந்து சிரித்தார். பத்மாசனிக்குக் கோபம் வந்தது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து கிழமையில் மூன்று நாள், வேலைக்குப் போகும் வழியில், கடையின் பின்புறத்தில் பத்மாசனிக்குப் பாடம் நடந்தது. முதலில் சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அதற்குள் கை ஊற ஊற விரல்களை மெல்ல விரித்து மெல்ல மூடுவது. பிறகு றப்பர்ப் பந்துக்குப் பதிலாய்ப் பஞ்சு அடைத்த துணிப்பந்து. எட்டுத் தரம், நோவு தட்டும் இடத்தில் நிறுத்தம். கடைசியில் மணல் பை. உம்மா தானே தைத்த பை. விரலில் தூக்காமல் முன்கையில் மாட்டி, முழங்கையை மடக்கி உயர்த்தி, இறக்க வேண்டும். முதற் கிழமை அரை இறாத்தல். பிறகு ஒன்று. பிறகு ஒன்றரை.

"கடைத் தராசிலை மணலை நிறுத்தால் நான் சீனியை எதிலை நிறுக்கிறது?" என்று மீராசாகிபு முறையிடுவார். "மிஸ்ஸி சாண்டோவாய் வந்தால் ரிக்கற் போட்டு ஆள் கூப்பிடுவம். அரைவாசி எனக்கு."

"நீங்கள் சீனியைக் குறைச்சு நிறுக்கிறதைப் படைச்சவன் பாத்துக்கொண்டிருக்கிறான்" என்பா உம்மா. "போய் வேலையைப் பாருங்கோ."

நோவுக்கும் உம்மாவிடம் ஓர் அளவு இருந்தது. "மத்தியான லுஹர் தொழுகைக்குக் கிளம்பின நோ அஸருக்கும் நிண்டால், அண்டைக்குக் கூடச் செய்து போட்டம். அடுத்த முறை குறைக்கோணும்."

"எனக்கு அஸர் எப்பவெண்டு தெரியாதே உம்மா."

"பள்ளிக்கூடம் விடுற மணி தெரியுமோ? அதுக்குப் பிறகு கொஞ்சம். அவ்வளவுதான்."

சைக்கிளின் கைபிடியிலும் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள் பத்மாசனி. வீட்டு விறாந்தையில் அவள் மணல் பையை உயர்த்தி இறக்குவதை அடுத்த காணித் தில்லைநாதன் வேலிக்கு மேலால் கண்டுவிட்டார். "மிஸ்ஸி ஆரோடை மல்யுத்தம்?" என்று கேட்டார். "முதல் ஆள் நீங்கள்தான்" என்று பதில் போனது. அதற்குப் பிறகு அவர் வேலிப் பக்கம் தலை காட்டவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஈரமும் குளிரும் மூட்டுக்குள் இறங்கியதும் கை பழையபடி மரக்கட்டையாய்ப் போனது. பத்மாசனி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாள். மூன்று நாள் பாடத்துக்குப் போகவில்லை. எல்லாம் வீண் என்று நினைத்தாள். அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். திகதி மட்டுந்தான் மிச்சம்.

நாலாம் நாள் மழைக்குள் படலை திறந்தது. சாக்கைத் தலையில் கொங்காணியாய்ப் போட்டுக்கொண்டு, முழங்காலளவு சேற்றோடு ஆசியா உம்மா நின்றா. இரண்டு மைல் நடந்து வந்திருந்தா. நேரே குசினிக்குள் போய்த் தண்ணீர் சுடவைத்து, சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தா.

"இண்டைக்குத் தூக்க வேண்டாம். விரிச்சு மூடினால் காணும்."

"ஏலாது உம்மா."

"எட்டு ஏலாட்டி நாலு. நாலு ஏலாட்டி ஒண்டு. ஒண்டுக்கும் கூலி குடுக்கிறவன் இருக்கிறான்."

தன் கைகளையும் அதே சட்டிக்குள் விட்டா. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து, இருபது வளைந்த விரல்களை விரித்து விரித்து மூடினார்கள். சட்டி ஆறும்வரைக்கும் அதுதான் வேலை.

உம்மா போன பிறகு பத்மாசனி கடிதத்தைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

அன்று அடுப்பில் பாதிப் பதத்தில் நின்ற தொதலை உம்மா கணவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்த சங்கதி பத்து நாள் கழித்து மீராசாகிபு வாயால்தான் தெரிந்தது. அவர் அதை அடிப்பிடிக்க விட்டுவிட்டார். கலியாண வீட்டுக்குச் சொன்ன தொதல் முழுதும் மாட்டுக்குப் போனது. பத்மாசனி பதறிப்போய், ஒரு சீப்பு வாழைப்பழமும் நல்ல பச்சையரிசியும் எடுத்துக்கொண்டு போனாள்.

"கொண்டுபோங்கோ திரும்பி" என்றா உம்மா. "இதுக்கு இஞ்சை கூலி வாங்கினால் மறுமையிலை எனக்கு வைச்சிருக்கிறது கழிஞ்சு போகும். நட்டம் எனக்குத்தான்."

எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. பத்மாசனிக்கு அது நெஞ்சில் ஒரு முள்ளாய்க் கிடந்தது.

மார்கழி இருபத்தாறாம் நாள், விடியற்புறத்துத் திருவெம்பாவைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, தவராசா ஓடி வந்தான். வாய்க்கால் வீதி சேறாய்க் கிடந்தது. பத்மாசனியால் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளித்தான் போக முடிந்தது. தள்ளியதும் முன்கையால்தான், விரலை மிச்சம் பிடித்தாள். வீட்டில் முதலில் கேட்டது சுடுதண்ணீர். விமலேஸ்வரிக்கென்று நினைத்துத் தவராசா கொண்டுவந்தான். பத்மாசனி தன் கைகளை அதற்குள் விட்டு, மெல்ல விரித்தாள், மூடினாள். மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டாள்.

பத்து மணிக்குப் பிள்ளை பிறந்தது. வழுக்கிக்கொண்டு, உதைத்துக்கொண்டு, ஏழு இறாத்தலுக்குக் குறையாத ஒரு பெண். பத்மாசனி விரலை நம்பவில்லை. உள்ளங்கையை விரித்துத் தலைக்குக் கீழே கொடுத்து, முன்கை முழுவதிலும் முதுகைத் தாங்கினாள். குளிப்பாட்டினாள், துடைத்தாள், சுற்றினாள். பிள்ளை வீரிட்டபடி அவளுடைய கையில் நிலத்தில் கிடக்கிற மாதிரிக் கிடந்தது.

இலட்சுமி கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். "ஏன் அழுறான்? உறைக்குதோ?"

"அவன் இல்லை, அவள். பசிக்குது" என்றாள் பத்மாசனி. அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கடவுள் கையைக் கைவிடவில்லை. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துவிட்டிருந்தார்.

அன்று பின்னேரம் அலுமாரிக் கடிதத்தின் வெறும் பக்கத்தில் பிள்ளையின் நிறையையும் பிறந்த நேரத்தையும் குறித்துக்கொண்டாள். மறு பக்கம் இனி ஒருவருக்கும் தேவையில்லை.

பங்குனியில் வெயில் ஏறியது. அது நோன்பு மாதமுமாய் இருந்தது. ஒருநாள் மத்தியானம் பத்மாசனி கண்டி வீதியால் வந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. மீராசாகிபு சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தார். பின்புறம் எட்டிப் பார்த்தாள். ஆசியா உம்மா நோன்புக் களையில், தாழ்வாரத்தில் பாயைப் போட்டு அயர்ந்து தூங்கினா. இரண்டு கைகளும் வீங்கி, துணி சுற்றியிருந்தது. கிணற்றடியில் குடங்கள் வெறுமையாய்ச் சரிந்து கிடந்தன. தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற தொட்டியிலும் ஈரம் இல்லை.

பத்மாசனி சைக்கிளைப் பூவரசில் சாத்தினாள். செருப்பைக் கழற்றினாள்.

கோடைக் கிணறு, தண்ணீர் ஆழத்தில் நின்றது. வாளி கல்லில் முட்டாமல் மெல்ல இறக்கினாள். கயிற்றை விரலால் இறுக்காமல் முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை அகல வைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள். எட்டு வாளி. பிறகு பூவரச நிழலில் இருந்து கையை விரித்து மூடினாள். பிறகு எட்டு. குடங்கள் நிறைந்தன. குசினிப் பானையை நிறைத்துத் தட்டால் மூடினாள். கடைசி வாளிகளைத் தொட்டிக்குள் சத்தம் வராமல் சாய்த்து ஊற்றினாள். தொட்டி விளிம்புவரை தண்ணீர் ஏறி, வெயிலில் மினுங்கியது.

தாழ்வாரத்தில் உம்மா ஒருமுறை புரண்டு படுத்தா. கண் திறக்கவில்லை.

பத்மாசனி வாளியைக் கவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைச் சங்கிலிச் சத்தம் கேட்காமல் வீதிவரை உருட்டிக்கொண்டு போய், அங்கேதான் ஏறினாள்.