ஊறாத செங்கல்

கொளஞ்சி கட்டும் சுவரைப் பார்த்தாலே காசிநாதன் மேஸ்திரிக்கு வயிறு எரிந்தது. நேற்றுவரை தன்னிடம் சாந்து குழைத்த பயல்! இன்று அரியலூர் ஸ்டேஷன் பக்கம் எழும் நெல் குடோனில் தெற்குச் சுவர் அவனுக்கு, வடக்குச் சுவர் இவருக்கு. இந்தப் போட்டியைக் கிளப்பிவிட்டவர் மதராஸிலிருந்து வந்த அரங்கநாதன் சார். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகியும் சிமெண்டுக்கு பர்மிட், இரும்புக்கு பர்மிட். இருக்கிற பொருளையும் ஆளையும் வைத்து எப்படிச் சிக்கனமாகக் கட்டலாம் என்று ஆராய்வதுதான் சாருடைய உத்தியோகம். எவர் முறை தேறுகிறதோ அவருக்கே கல்லங்குறிச்சியில் சத்திரம் கட்டும் வேலை என்று குடோன் முதலாளியும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பெருமாள் கோயிலுக்கு வருகிற சனமெல்லாம் பார்க்கப்போகும் சத்திரம். அதை இவனுக்கு விட்டுக்கொடுக்கவா இத்தனை காலம் கரண்டி பிடித்தார்?

காசிநாதன் முறை சத்தம் போடுவது. கொத்தனார் கல் கேட்டால் சித்தாள் ஓட வேண்டும், ஓடாவிட்டால் வசவு. கொளஞ்சியோ, கொத்தனார் வருமுன்பே கல்லையும் சாந்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கச் சொல்லிவிடுவான். ஒரு சத்தமும் கிடையாது. சுவர் மட்டும் கிடுகிடுவென்று ஏறியது. பாவி!

போதாக்குறைக்கு வீட்டில் பெண்சாதி பஞ்சவர்ணம் வேறு. "கொளஞ்சிகிட்ட வேலை செய்ற பொம்பளைங்க சிரிச்சுக்கிட்டே வூட்டுக்குப் போவுதுங்க. ஒங்க ஆளுங்கதான் ஒங்களைத் திட்டிக்கிட்டே போவுதுங்க." அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அந்தியில் ஆட்கள் கலைந்துவிட்டார்கள். செங்கல்லை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் வைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சுவர் நிற்காது. அப்போதுதான் கல் போட்டு நிரப்பியிருந்த கொளஞ்சியின் தொட்டியில் கைவிட்டு, அடியிலிருந்த துணி அடைப்பை உருவினார் காசிநாதன். தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. அப்பாடா என்றிருந்தது. நாளைக்கு நிற்கட்டும் பயல், திருதிருவென்று முழித்துக்கொண்டு!

காலையில் அரங்கநாதன் சார் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "இன்னைக்கு மேஸ்திரிங்க ரெண்டு பேரும் பக்கம் மாத்திக்குங்க. ஆளும் தொட்டியும் அங்கங்கயே இருக்கட்டும். சுவர் ஏறுறது ஆளாலயா, மேஸ்திரியாலயான்னு நான் பார்க்கணும்."

காசிநாதன் தெற்குப் பக்கம் போனார். தொட்டி காய்ந்து கிடந்தது. கொளஞ்சியின் கொத்தனார்கள் கரண்டியும் கையுமாக அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன மேஸ்திரி, கல்லு ஊறலையா?" என்றார் சார்.

கொளஞ்சி ஓடிவந்து தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"என் தப்புங்க சார். அடைப்பை நாந்தான் சரியா இறுக்கல. அண்ணன் மேல ஒண்ணுமில்லீங்க." பிறகு இவர் பக்கம் திரும்பினான். "அண்ணே, ஒங்க தொட்டியில ஊறுனதுல பாதிய இங்க கொண்டாரச் சொல்றேன். ரெண்டு பக்கமும் வேலை ஓடட்டும்."

அவன் சொல்லி வாய் மூடுமுன் வடக்குப் பக்கத்துச் சித்தாள்கள் கல்லைத் தூக்க ஓடினார்கள். காசிநாதனின் ஆட்கள்! அவர் வையாமல் ஒரு நாளும் ஓடாதவர்கள்.

சத்திரம் போய்விட்டது என்று அவருக்குப் புரிந்தது. அதுகூட அவ்வளவு சுடவில்லை. என் தப்பு என்று அந்தப் பயல் எத்தனை லேசாகச் சொல்லிவிட்டான்! நான்தான் பிடுங்கினேன் என்று சொல்ல இவரும் வாயைத் திறந்து பார்த்தார். வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவும் கொளஞ்சியின் மேல் அவருக்கு வயிறு எரிந்தது.