எழுபத்திரண்டாம் நாள் முறிந்த பட்டை

சூலூரைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கார் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. டிரைவர் வெள்ளியங்கிரி இறங்கிக் குனிந்து பார்த்தான்.

"அம்மணி, வண்டியைத் தாங்கற ஸ்பிரிங் பட்டை முறிஞ்சுபோச்சுங்க. நா மெதுவாத்தானுங்க வந்தேன். குழியில எங்கயும் உடலைங்க."

"நானும் வண்டிக்குள்ளதான உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா? அந்தத் துண்டை எடு, பாக்கலாம்" என்று இறங்கினாள் பூவாத்தாள்.

பல்லடத்துப் பக்கம் நாற்பது ஏக்கர் பருத்திக்காடு அவளுடையது. புருஷன் போனபின் ஒன்பது வருஷமாக வெள்ளாமையையும் விற்பனையையும் அவளேதான் பார்த்து வந்தாள். மாட்டுவண்டியில் கோயமுத்தூர் போய்த் திரும்ப இரண்டு நாள் பாழாகிறது என்று தை மாசம் இந்தக் காரை வாங்கினாள். ஊரில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. தொண்ணூறு நாளைக்குக் காரண்டி என்று கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தை மட்டும் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்து மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இன்று எழுபத்திரண்டாம் நாள்.

முறிந்த எஃகுத் துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். முறிவின் ஒரு பாதி புதுக்காசு மாதிரி மினுங்கியது. மறுபாதி கறுப்பாக இருந்தது. நகத்தால் அதைச் சுரண்டினாள். பிறகு துண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கம்பெனிக்கே உடு வண்டியை" என்றாள்.

அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு வேலங்கட்டையைக் கொடுத்துக் கயிற்றால் இறுக்கினான் வெள்ளியங்கிரி. ஊர்ந்து ஊர்ந்து கோயமுத்தூர் சேர மதியமாகிவிட்டது.

கார் விற்கும் கம்பெனியின் மேனேஜர் சுந்தரராஜுலு மரியாதையாகத்தான் வரவேற்றார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், பின்சீட்டின் இடுக்கிலிருந்து இரு விரலால் கொஞ்சம் பஞ்சை எடுத்துக் காட்டினார்.

"ஏனுங்கம்மா, காரண்டி இல்லைன்னு நான் சொல்லலைங்க. ஆனா பாரம் ஏத்தி ஒடைஞ்சா கம்பெனி பொறுப்பாகாதுங்க. இது என்னங்க?"

வெள்ளியங்கிரியின் முகம் வெளிறியது. இல்லை என்று சாதித்திருக்கலாம். பூவாத்தாள் அப்படிச் செய்யவில்லை.

"பருத்திதானுங்க. போன வாரம் ஒரு மூட்டை வெச்சுக் கொண்டாந்தேன். பின்சீட்டுல வேற ஆளு இல்லைங்க. அந்த மூட்டை என் எடை கூட இருக்காது. மூணு பேரு உக்கார்ற எடத்துல ஒரு மூட்டைக்கே ஒடையுமுங்களா?" துணியைப் பிரித்துத் துண்டைப் பக்கத்திலிருந்த மேசைமேல் வைத்தாள். "இதைப் பாருங்க."

அவர் பார்த்தார். "பாதி துருப்பிடிச்சிருக்குதுங்க. தண்ணியில எறக்கியிருப்பீங்க."

"சுரண்டிப் பாருங்க."

மேனேஜர் பேனாக்கத்தியால் சுரண்டினார். கறுப்பு மெல்லிய தோலாக உரிந்து வந்தது. உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"துரு இல்லைங்க, பெயிண்டு" என்றாள் பூவாத்தாள். "பட்டைக்கு மேல அடிச்சிருக்கற அதே கறுப்புப் பெயிண்டு. நா வாங்கினப்பறம் வண்டிக்கு யாரும் பெயிண்டு அடிக்கலை. அப்ப பெயிண்டு அடிக்கறதுக்கு முன்னாலயே விரிசல் இருந்திருக்கோணும். பெயிண்டு அதுக்குள்ள போயிருக்குது. நீங்களே சொல்லுங்க."

சுந்தரராஜுலு கண்ணாடியைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்றதுதான் சரிங்கம்மா. புது ஸ்பிரிங் இன்னைக்கே போட்டுக் கொடுத்தர்றேன்."

"அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கையும் கழட்டிப் பாத்துப்போடுங்க."

பட்டறையில் வேலை செய்யும் பிட்டர் அதைக் கழற்றித் துடைத்தான். வலப்பக்கத்துப் பட்டையிலும் மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது. தான் ஜெயித்துவிட்ட நிறைவு அந்தக் கோட்டைப் பார்த்ததும் பூவாத்தாளுக்கு அடங்கிப்போயிற்று.

"ஏனுங்க, என் வண்டி கூடவே கப்பல்ல வந்த வண்டி வேற யாருக்காச்சும் வித்தீங்களா?"

மேனேஜர் சட்டென்று நிமிர்ந்தார். "ஒண்ணு வித்தமுங்க. மேட்டுப்பாளையத்து டாக்டருக்கு. தெனமும் எஸ்டேட்டுக்கு மலை ஏறி எறங்கறவருங்க."

"அப்ப என் வண்டி கெடக்கட்டும். மொதல்ல அவருக்குத் தந்தி அடிங்க. உங்க ஆளையும் அனுப்புங்க."

தந்தி போயிற்று. பிட்டரும் இரண்டு புது ஸ்பிரிங்குகளுடன் கம்பெனி வண்டியில் புறப்பட்டான். ஸ்பிரிங் மாற்ற அன்று வேறு ஆளில்லை. பூவாத்தாள் மணியகாரத் தெருவில் இருந்த தங்கை வீட்டில் தங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை சுந்தரராஜுலுவே அந்த வீட்டுக்கு வந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "டாக்டர் மலைக்குக் கெளம்பறதுக்குள்ள, நேத்து சாயந்திரமே தந்தி கெடைச்சுதுங்க. பிட்டர் கழட்டிப் பாத்தா ரெண்டு பக்கமும் விரிசல். கொண்டை ஊசி வளைவுல போயிருந்தா..."

"நல்ல வேளைங்க" என்றாள் பூவாத்தாள். "உக்காருங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம். பதினொரு மணிக்கு மார்க்கெட்டுல எனக்குப் பருத்தி வெலைப் பேச்சு இருக்குது. அதுக்குள்ள என் வண்டி ரெடியாயிருமுங்களா?"